வாய் திறக்கும் முன்

யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டில் இருந்து பருத்தித்துறைக்கு
பதினொரு வருடமாக ரிக்கற் கிழிக்கிறேன்.
ஆட்களைக் கேட்பதில்லை.
பார்ப்பேன்.

குடையும் ஃபைலும், கஞ்சி போட்ட சேலையும்:
ரீச்சர், அச்சுவேலி.
தலைக்குச் செம்பட்டைச் சாயம் அடித்த பெடியன்:
காசை முதலில் வாங்கு.
தொப்பி போட்ட ஐயாவின் மூட்டைக்குள் பழைய இரும்பு.
மயிரை ஒட்ட வெட்டிய சிங்களப் பெடியன்
லீவில் நிற்கிற ஆமி.
மலையகக் கதை கதைக்கிற பெண்
ஆருடையதோ வீட்டில் வேலைக்கு.
கோப்பாய் தாண்டுவதற்குள்
பஸ் முழுக்க எனக்கு மனப்பாடம்.

"நூற்றுக்குத் தொண்ணூறு சரி வருமடா உனக்கு"
என்பார் றைவர் நவரத்தினராசா.
ஒருநாள் றோல்ஸுக்கும் பிளேன்ரீக்கும் பந்தயம் கட்டி
கொப்பியின் பின்மட்டையில் கோடு கோடாய் இழுத்தேன்.
நூறு பேரில் நாற்பத்தொரு பேர்.
எண்ணினதில்தான் ஏதோ பிழை என்று
கொப்பியை மாற்றினேன்.

காலை ஆறே முக்கால் ஓட்டத்தில் ஒருவர்.
நகக்கண்ணில் வெள்ளை, சேட்டுக் கையில் வெள்ளை.
சீமெந்து, சுண்ணாம்பு, மேசன் வேலை.
நெல்லியடியில் அப்போது ஒரு மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது.
வேறென்ன வேணும்?
வாயைத் திறக்கப் பார்ப்பார்,
நான் நெல்லியடியைக் கிழித்துக் கையில் வைத்துவிடுவேன்.
வாயை மூடிக்கொண்டு இறங்குவார்.
இரண்டு வருடம்.
கதையில்லாத மனுசன், தலைக்கனம் என்று
அதையும் எழுதி வைத்தேன்.

புத்தூர்ச் சந்தியில் மழைக்கு மிதிபலகை வழுக்கி
என் வலது மணிக்கட்டு முறிந்த அன்று
மந்திகை ஆஸ்பத்திரியில்
பிளாஸ்ரர் அறையின் திரையை விலக்கினால்
அவர்.
வாளிக்குள் துணிச்சுருளை நனைத்துப் பிழிகிறார்,
நகக்கண்ணில் அதே வெள்ளை.
ரிக்கற் கிழிக்கிற கையைத்
தன் தொடையில் ஏந்தி வைத்துச் சுற்றினார்.
"நீங்கள் இங்கையோ? அப்ப ஏன் ஒவ்வொரு நாளும் நெல்லியடியில..."
அவர் கழுத்து நரம்பு புடைத்தது.
"ம...
 ம...
 ம..."
பிளாஸ்ரர் இறுகத் தொடங்கியிருந்தது.
"மந்திகை" என்று வந்து முடிந்தபோது
என் கைக்குள்ளே சூடு ஏறியிருந்தது.

அந்தச் சொல்லைச் சொல்லப் படுகிற பாட்டுக்கு
நெல்லியடியில் இருந்து நடப்பது சுகம் என்று
நடந்திருக்கிறார்.
பேர் கமலரூபன்.
கையில் கட்டிய கட்டில், திகதிக்குக் கீழே,
பேனையால் எழுதித்தான் தந்தார்.

ஆறு கிழமை வீட்டில்.
பிளாஸ்ரருக்குள் கடிக்கும், சொறிய எட்டாது.
வேலை கேட்டுப் போன முதல் நாள்
முதலாளி கேட்டதும் அப்படியொரு இடத்தில் கிடந்தது:
"ஆற்றை பிள்ளை? எந்தக் கோயிலடி?"
நான் சொன்னேன். அவர் "ம்ம்" என்றார்.
பிறகு எனக்கு மட்டும்
பேணி மாறி வந்தது தேத்தண்ணி.
குடித்தேன்.
வேலை வேணும், குடித்தேன்.

இப்போது கேட்கிறேன்: "எங்கை?"
கேட்டுவிட்டு நிற்கிறேன்.
பஸ் பிந்துகிறது, சனம் புறுபுறுக்கிறது,
நவரத்தினராசா ஹோர்னை அமத்துகிறார்.
ஆனாலும் பொய் சொல்லக் கூடாது,
எனக்குள்ளே ரிக்கற் கிழிபடுகிற சத்தம் நிற்கவில்லை.
செம்பட்டைத் தலை ஏறினால்
கை தானாய்க் காசுப் பையைத் தடவுகிறது.

நேற்று ஆறே முக்காலுக்கு அவர் ஏறினார்.
இனி இந்த மனுசனைக் கஷ்டப்படுத்துவதில்லை என்று
சிரித்தபடி
மந்திகையைக் கிழித்து நீட்டினேன்.
வாங்கவில்லை.
கம்பியைப் பிடித்துக்கொண்டு
கண்ணை மூடினார்.
"ப..."
வல்லை வெளி வந்துவிட்டது.
"ப..."
இரண்டு பக்கமும் வெறும் உப்புத் தரவை, காற்று.
மந்திகை ரிக்கற் என் விரலிடுக்கில் அடித்துக்கொண்டிருந்தது.
நான் நின்றேன்.